ஒரு திங்களின் உவகை

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துரைக்கிறது. நகையில் தொடங்கும் அவ்வரிசை உவகையில் முடிகிறது. ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நான்கு நிலைக்களன்கள் சொல்லப்படுகின்றன. உவகைக்கு உரியனவாக ஆசிரியர் காட்டுபவை செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன. புலன் என்பதற்கு அறிவுடைமை என்று உரைகாரர் பொருள் கொள்வர். கல்வியால் விளையும் இன்பமும் விளையாட்டால் விளையும் இன்பமும் ஒரே நூற்பாவில், ஏற்றத்தாழ்வு இன்றி, அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. மெய்ப்பாட்டியலைத் தேர்வுக்காகப் பயிலும் மாணவர் எட்டின் பெயரையும் முப்பத்திரண்டின் பெயரையும் பிழையின்றி ஒப்பிப்பர். புலனும் விளையாட்டும் ஏன் ஓரிடத்தில் நின்றன என்று கேட்பவர் மிகச் சிலரே.

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏப்ரல் திங்கள் தமிழுக்கென ஒதுக்கப்படுகிறது. வளர்தமிழ் இயக்கம் 2007ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்மொழி விழா, பல அமைப்புகளின் துணையோடு அத்திங்கள் முழுவதும் நடைபெறுகிறது. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் முத்தமிழ் விழாவும் அந்நாள்களிலேயே அமைகிறது. இதற்கெல்லாம் முன்னோடி, தமிழ் முரசின் நிறுவனர் கோ. சாரங்கபாணி 1952இல் தொடங்கிவைத்த தமிழர் திருநாள். சிதறிக் கிடந்த சமூகத்தை மொழியின் பெயரால் ஒரு பந்தலின்கீழ் அமர்த்திய பெருமை அவ்விழாவுக்கு உண்டு. இன்றைய விழாவின் முழக்கம் ‘தமிழை நேசிப்போம், தமிழில் பேசுவோம்’ என்பது. முதலில் நேசம், பிறகு பேச்சு. வரிசை சரியானதே. அத்திங்களில் நூலும் பாட்டும் நாடகமும் ஆட்டமும் அந்த வரிசையைப் பின்பற்றுகின்றனவா என்பதே திறனாய்வாளன் கேட்கத்தக்க வினா.

வினா வெறும் ஏட்டளவில் எழுந்ததன்று. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளுள், வீட்டில் பெரிதும் தமிழே பேசுவோர் 2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காட்டினர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் 2.5 விழுக்காட்டினராயினர். ஆட்சிமொழித் தகுதி இருக்கிறது. பள்ளியில் பாடநேரம் இருக்கிறது. நாளிதழும் வானொலியும் தொலைக்காட்சியும் இருக்கின்றன. இத்தனை இருந்தும் வீட்டுக்குள் மொழி சுருங்குகிறது. சட்டத்தாலும் தேர்வாலும் எட்ட இயலாத ஓரிடத்தில்தான் குறை இருக்கிறது என்று கொள்ள வேண்டும். மாணவன் எவராலும் ஏவப்படாத வேளையில் எதை நாடுகிறான் என்பதே அவ்விடம்.

ஆகவே சுவையை அளக்க ஓர் எளிய அளவுகோல் போதும். ஏவல் இன்றி மீண்டும் நாடப்படுகிறதா? பேச்சுப் போட்டிக்காக மனனம் செய்த உரையை, மேடையைவிட்டு இறங்கிய சிறுவன் மறுநாள் தன் தங்கையிடம் பேசிக் காட்டுகிறானா? ஒப்புவித்தல் போட்டியில் பரிசு பெற்ற பாடலை, பரிசு மறந்த பின் முணுமுணுக்கிறானா? ஏப்ரல் திங்களின் நிகழ்ச்சிநிரலில் பேச்சுக்குப் போட்டி, கட்டுரைக்குப் போட்டி, கதைசொல்லலுக்குப் போட்டி, பாட்டுக்கும் போட்டி எனப் போட்டிகள் மலிந்திருக்கக் காண்கிறோம். போட்டி தீயதன்று. திறமையைக் கண்டெடுக்க அது உதவும். ஆனால் போட்டி பெருமிதத்துக்கு உரியது, உவகைக்கு உரியதன்று. பெருமிதத்தின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பவற்றை வைத்தாரே அன்றி விளையாட்டை அங்கே வைக்கவில்லை. ஒரு திங்கள் முழுவதும் பெருமிதத்தை வளர்த்துவிட்டு உவகை வளர்ந்ததாகக் கணக்கு எழுதக் கூடாது.

நூலிலிருந்து தொடங்கலாம். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தின் தொடக்கம் 1887. யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கை நகர் அந்தாதி’ அவ்வாண்டில் வெளிவந்தது. சி.கு. மகுதூம் சாயபு நடத்திய ‘சிங்கை நேசன்’ இதழும் அவ்வாண்டிலேயே தோன்றியது. அவ்விதழில் 1888இல் வெளிவந்த ‘விநோத சம்பாஷணை’யை இந்நாட்டுத் தமிழ்ப் புனைகதையின் முளை என்று ஆய்வாளர் பலர் கருதுவர். பெயரைக் கவனிக்க வேண்டும். நீதி சம்பாஷணை அன்று, விநோத சம்பாஷணை. படிப்பவர் மகிழ வேண்டும் என்பது தலைப்பிலேயே கூறப்பட்டுவிட்டது. நூற்றாண்டு கடந்து வந்த வகுப்பறையோ, எந்தக் கதையைக் கையில் எடுத்தாலும் அக்கதை உணர்த்தும் நீதி யாது என்ற வினாவுடனேயே எடுக்கிறது. ராம. கண்ணபிரானின் ‘இருபத்தைந்து ஆண்டுகள்’ 1980இல் வந்த தொகுதி. மா. இளங்கண்ணனின் ‘வைகறைப் பூக்கள்’ 1990இல் வந்த நாவல். சப்பானியர் ஆண்ட காலத்துச் சிங்கப்பூரைக் காட்டுவது. இருவரும் கலாசாரப் பதக்கம் பெற்றவர்கள், முன்னவர் 1998இல், பின்னவர் 2005இல். பதக்கம் பெற்ற எழுத்தாளர் பெயரைப் பொது அறிவு வினாவுக்கு விடையாக அறிந்த மாணவர் பலர் இருக்கலாம். அடுத்து என்ன நிகழுமோ என்று பக்கத்தைப் புரட்டியவர் எத்தனை பேர்?

நாவலைப் பயிற்றுவோர் முதல் அதிகாரத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டி, உச்சமான இடத்தில் நூலை மூடிவிட்டால் போதும். மீதியை மாணவனின் ஆவல் பார்த்துக்கொள்ளும். தொடர்கதை வாசித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த உத்தி புதியதன்று. கிழமைதோறும் இதழுக்காகக் காத்திருந்த வாசகர்களை உண்டாக்கியது அதுவே. நூல் கிடைக்கவில்லை என்ற பழைய குறையையும் இன்று எளிதில் சொல்ல இயலாது. சிங்கப்பூர் விடுதலை பெற்ற 1965 தொடங்கி 2015 வரை வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களை, தமிழ்ச் சமூகமும் தேசிய நூலக வாரியமும் இணைந்து 2015இல் மின்வடிவாக்கித் தந்துள்ளன. நூல்கள் வந்து சேர்ந்துவிட்டன. வாசகனைத்தான் இனி அழைத்துவர வேண்டும்.

பாட்டின் நிலை வேறு. இங்கே ஓர் அநீதி நெடுங்காலமாக நடந்து வருகிறது. கவிஞர் க.து.மு. இக்பால் கவிதைத் தொகுதிகள் பல தந்தவர். 2014இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். அவர் 1970களிலும் 1980களிலும் சிங்கப்பூர் வானொலிக்காக எழுதிய சிறுவர் பாடல்கள் 200க்கும் மேற்பட்டவை. இலக்கிய வரலாறு எழுதுவோர் தொகுதிகளை விரித்துரைத்து, வானொலிப் பாடல்களை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். குழந்தைக்கு எழுதுவது கவிஞனின் ஓய்வுநேர வேலை என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மை நேர்மாறானது. சொல்வளம் சிறிது, வாக்கியம் குறுகியது, பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தாளம் காலைத் தட்டச் செய்ய வேண்டும். மரபுக் கவிஞனுக்கு இலக்கணம் இடும் கட்டைவிட இந்தக் கட்டு இறுக்கமானது. மேலும், தொகுதியில் உள்ள கவிதையை வாசகன் தேடிச் செல்ல வேண்டும். வானொலிப் பாடலோ அடுக்களையிலும் முன்கூடத்திலும் தானே வந்து நின்றது. அக்காலத்துச் சிறுவர்க்குத் தமிழ் முதலில் செவிவழி இன்பமாகவே சென்றது. அந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்து, இசையோடு வகுப்பறைக்குக் கொண்டுவருவது, புதிதாக நூறு பயிற்றுநூல் அச்சிடுவதைக் காட்டிலும் பயன் தரும்.

பொருள் புரிவதற்கு முன்பே சுவை வந்துவிடும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. எஸ். ஜேசுதாசன் இயற்றிய ‘முன்னேறு வாலிபா’ என்னும் பாடலைத் தேசிய தினத்தை ஒட்டிச் சீனச் சிறுவரும் மலாய்ச் சிறுவரும் பாடுகின்றனர். தமிழ் எழுத்து ஒன்றையும் அறியாத நாக்கு ‘ழ’கரத்தோடும் ‘ற’கரத்தோடும் தடுமாறினாலும், தாளம் தடுமாறுவதில்லை. ஒரு மொழியைக் கல்லாத பிள்ளை அம்மொழிப் பாட்டை மகிழ்ந்து பாடும்போது, அதனைக் கற்கும் பிள்ளை ஏன் முகம் சுளிக்கிறது? பாடநூலைத் தொகுப்போர் இந்த முரணைச் சிறிது நேரமேனும் எண்ணிப் பார்க்கலாம்.

நாடகத்துக்கு வருவோம். புதுமைதாசன் என்ற புனைபெயரில் எழுதிய பி. கிருஷ்ணனின் ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ இந்நாட்டு வானொலி நாடகங்களுள் தனியிடம் பெற்றது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தோன்றியது. கம்பத்து வீடுகளிலும் கடைவீட்டு அறைகளிலும் வாழ்ந்த மக்கள் அடுத்த சில ஆண்டுகளில் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். அம்மாற்றத்தின் சூடு ஆறுவதற்குள், 1960களின் இறுதியை ஒட்டி ஒலிபரப்பானது இந்தத் தொடர். மண்ணில் கால் பதித்து நடந்தவன் மாடியில் வாழப் பழகும்போது நேரும் இடர்ப்பாடு அழுகைக்கும் உரியது, நகைக்கும் உரியது. அக்காலத்துச் சிறுகதைகள் பல அழுகையைத் தேர்ந்தன. கிருஷ்ணன் நகையைத் தேர்ந்தார். நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நிலைக்களன்கள் என்பது மெய்ப்பாட்டியல். மேடை நகைச்சுவை எளிதில் எள்ளலுக்குள் விழுந்துவிடும். பிறரை இழிவுபடுத்திச் சிரிக்க வைக்கும். குடும்ப நாடகத்துக்கு ஏற்றவை பேதைமையும் மடனுமே. கேட்பவன் அங்கே தன்னையும் தன் அண்டை வீட்டாரையும் கண்டு சிரிக்கிறான். சிரித்த பின் யார்மேலும் பகை எஞ்சுவதில்லை.

வானொலி நாடகத்துக்குக் காட்சி இல்லை. குரல் மட்டுமே உண்டு. கதவும் மாடிப்படியும் மின்தூக்கியும் அண்டை வீட்டாரும் உரையாடலிலிருந்தே எழ வேண்டும். அதனால் அதில் வழங்கும் தமிழ், மக்கள் வாயில் வழங்கும் தமிழாகவே இருக்க வேண்டியதாயிற்று. தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் மறுஆய்வு செய்த குழு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் வேண்டும் என்று 2005இல் பரிந்துரைத்தது. அறிஞர்களிடையே அதுபற்றி வாதமும் எழுந்தது. செந்தமிழ் கெட்டுவிடும் என்று அஞ்சியவர்களின் அச்சம் பொய்யன்று. எழுத்துநடையில் பேச்சுவழக்கு புகுந்தால் கட்டுரை தளரத்தான் செய்யும். ஆயினும், பேச்சுத் தமிழை ஒழுங்கோடும் சுவையோடும் பயன்படுத்த இயலும் என்பதை அப்பரிந்துரைக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியே வானொலி மெய்ப்பித்துக் காட்டியிருந்தது. அத்தொடர் பின்னாளில் நூலாகவும் வந்துள்ளது. கண்ணால் மட்டும் படிப்பவருக்கு அது பாதிச் சுவையே தரும். மாணவர் நால்வரை எழுப்பி, ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் செய்தால் மீதிப் பாதி கிடைக்கும்.

திரைப்படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது எவருடைய பரிந்துரைக்கும் காத்திருப்பதில்லை. ஆனால் ஒன்று குறிப்பிடத்தக்கது. 1978இல் ‘ப்ரியா’வும் 1979இல் ‘நினைத்தாலே இனிக்கும்’ படமும் சிங்கப்பூரில் படம்பிடிக்கப்பட்டு வந்தன. தங்கள் தெருவும் கடற்கரையும் வெள்ளித்திரையில் தோன்றக் கண்டு இங்குள்ளோர் பூரித்தனர். அப்பூரிப்பைக் குறைகூறுதல் தகாது. எனினும் சுஜாதாவின் ‘ப்ரியா’ நாவல் நடப்பது இலண்டனில். படமாகும்போது கதை சிங்கப்பூருக்கு இடம்பெயர்ந்தது. இலண்டனுக்குப் பதில் சிங்கப்பூரை வைத்தும் கதை நடக்குமானால், அக்கதையில் சிங்கப்பூர் எங்கே இருக்கிறது? பின்புலத் திரைச்சீலையாக இருக்கிறது. அண்ணாசாமியின் அடுக்குவீட்டை இலண்டனுக்குக் கொண்டுபோக இயலாது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. முதலதைக் காண்பவன் தன் ஊர் அழகியது என்று மகிழ்கிறான். பின்னதைக் கேட்பவன் தன் வாழ்வு கதைக்குத் தகுதி உடையது என்று அறிகிறான். வசந்தம் ஒளிவழியில் உள்ளூர்த் தொடர் ஒன்றைக் காணும் மாணவனுக்கும், வெளியூர்ப் படம் ஒன்றைக் காணும் மாணவனுக்கும் ஆசிரியர் இந்த வேற்றுமையை எடுத்துக்காட்டலாம். எதையும் தடுக்க வேண்டியதில்லை.

இனி விளையாட்டு. திறனாய்வுத் தொகுதியில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று புருவம் உயர்த்துவோர் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி என மூன்றும் அங்கே நிற்கின்றன. காய் ஏந்தி ஆடும் ஆட்டமும், பந்தாட்டமும், ஊஞ்சலாட்டமும் சேர சோழ பாண்டியரைப் பாடும் பாட்டாயின. மாணிக்கவாசகர் இறைவனைப் பாட எடுத்துக்கொண்ட வடிவங்களுள் திருவம்மானை, திருச்சாழல், திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல் ஆகியவை மகளிர் ஆட்டங்களின் வழி வந்தவை. பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களும் ஆட்டங்களே. ஆட்டத்தோடு சொல் பிறந்தது; சொல்லோடு பாட்டு பிறந்தது. முத்தமிழ் என்று மூன்றை மட்டும் எண்ணிப் பழகியதால், மூன்றுக்கும் அடியில் கிடக்கும் ஆட்டம் கணக்கில் வராமல் போயிற்று.

2024ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூரில் ஓர் ஆட்டம் நடந்தது. நவம்பர் 25 முதல் டிசம்பர் 12 வரை நடைபெற்ற உலகச் சதுரங்க வாகையர் போட்டியில், சென்னையில் பிறந்த 18 வயது குகேஷ், சீனத்தின் டிங் லிரெனை எதிர்த்து ஆடினார். 13 ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் சமநிலையில் நின்றனர். சமனாக முடியும் என்று எண்ணப்பட்ட 14ஆம் ஆட்டத்தில், 55ஆம் நகர்த்தலில் டிங் லிரென் தவறினார். குகேஷ் ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கில் வென்றார். 1985இல் தம் 22ஆம் வயதில் வாகை சூடிய காஸ்பரோவைக் காட்டிலும் இளையவர் ஒருவர் உலக வாகையரானது இந்நகரில், செந்தோசாத் தீவில். தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர் இங்கே வென்றது தேக்காவில் கறிகாய் வாங்க வந்தவருக்கும் பெருமிதம் அளிக்கத்தக்க செய்தியே. ஆனால், அந்த 55ஆம் நகர்த்தலில் நேர்ந்த தவற்றைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு மாணவனால் இயலுமா? அங்கே தவறாக நகர்ந்த காயையே கோட்டை என்பார் ஒருவர், யானை என்பார் ஒருவர். பிள்ளைகளோ ஆங்கிலப் பெயரால் அழைப்பர். பெருமிதம் தமிழருடையது, ஆட்டத்தைப் பற்றிய பேச்சு வேறு மொழியினது என்றால், அவ்வெற்றியில் மொழிக்குப் பங்கு ஒன்றும் இல்லை. காயின் பெயரை ஒருமைப்படுத்திச் சதுரங்கத்தைத் தமிழில் கற்றுத்தரும் ஒரு மாலைப்பொழுது, செய்தித்தாள் நறுக்கை ஒட்டி வைக்கும் சுவரொட்டியைவிட மேலானது.

சதுரங்கத்துக்கேனும் செய்தி உண்டு. பல்லாங்குழிக்கு அதுவும் இல்லை. இரண்டு வரிசையாகப் பதினான்கு குழி. சோழியோ புளியங்கொட்டையோ கைநிறைய. மலாய் வீடுகளில் ‘சோங்காக்’ என்ற பெயரில் இதற்கு நெருங்கிய உறவான ஆட்டம் இன்றும் அறியப்பட்டிருக்கிறது. இரு முனைகளிலும் பெரிய குழி ஒவ்வொன்று அதற்கு மிகுதி. ஆட்டத்தில் கணக்கு இருக்கிறது. முன்னோக்கிச் சிந்தித்தல் இருக்கிறது. எதிரே இருப்பவரோடு ஓயாத பேச்சு இருக்கிறது. ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்துவிட்டால் அதற்குப் ‘பசு’ என்று பெயர். குழிக்குரியவர் அதை எடுத்துக்கொள்வார். ஏன் பசு என்றால் பாட்டி ஒரு கதை சொல்வாள். ஆட்டம் மறையும்போது அச்சொல்லும் மறைகிறது, கதையும் மறைகிறது. எந்த அகராதியை வாங்கிக் கொடுத்தாலும் அந்தப் பசு பிள்ளையின் நாவுக்குத் திரும்பி வராது. பலகையைக் கொண்டுவந்தால் வரும். வரும் ஏப்ரலில் ஏதேனும் ஒரு பள்ளியின் விழாக்கூடத்து மூலையில், பரிசும் நடுவரும் மதிப்பெண்தாளும் இன்றி நான்கு பல்லாங்குழிப் பலகைகளை வைத்துப் பார்க்கலாம். சோங்காக் அறிந்த மலாய் மாணவி ஒருத்தியும் வந்து அமர்வாள். நான்கு காய் சேர்ந்ததும் அவள் கேட்பாள், ‘இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?’ என்று.